கலயத்தின் மேல் விழுந்த சாராயப் பழி

தமிழ்நாட்டில் மதுவைப் பற்றிய பொதுப்பேச்சில் ஏறத்தாழ எல்லாத் தரப்பினரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்டிருக்கும் கருத்து ஒன்று உண்டு. ஆலையில் செய்து முத்திரையிட்டுக் கடையில் விற்கப்படும் மது கெடுதலானதாயினும் அளவறிந்தது, குடித்த அன்றே ஆளைக் கொல்லாதது. வீட்டிலோ தோப்பிலோ புளிக்கவைத்து எடுக்கும் எதுவும் அளவற்றது, கலப்படத்துக்கு இடங்கொடுப்பது, என்றேனும் ஒருநாள் பிணங்களை வரிசையாகக் கிடத்துவது என்பதே அது. கள்ளுக்கு அனுமதி கேட்கும் குரல் எழும்போதெல்லாம் ஆட்சியிலிருப்போர் எந்தக் கட்சியினராயினும் இதையே விடையாகச் சொல்கின்றனர். மதுவே வேண்டாம் என்போரும் தம் வாதத்துக்கு இதைத் துணைக்கழைக்கின்றனர். பனையும் தென்னையும் ஒருங்கே செழித்த கன்னியாகுமரி மாவட்டத்தை முன்வைத்து ஆராய்ந்தால், இக்கருத்து வேதியியலிலும் வரலாற்றிலும் ஆட்சிமுறையிலும் ஒருசேரப் பிழைபட்டிருப்பது தெரியவரும்.

புளித்தலையும் வடித்தலையும் ஒன்றாகக் கொண்டதே பிழையின் வேர். சர்க்கரை கலந்த நீரில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் பெருகி, அச்சர்க்கரையை எத்தில் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரிப்பது புளித்தல் அல்லது நொதித்தல் எனப்படும். கள், பீர், திராட்சை மது ஆகியவை இவ்வகையின. அவ்வாறு புளித்த நீரைச் சூடாக்கி, தண்ணீருக்கு முன்பே ஆவியாகும் ஆல்கஹாலைக் குளிர்வித்துத் தனியே திரட்டுவது வடித்தல். சாராயமும் விஸ்கியும் பிராந்தியும் அதன் வழி வருபவை. புளித்தலுக்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்திருக்கிறது. பாளையிலிருந்து சொட்டும் பனஞ்சாற்றில் நூற்றுக்கு 12 பங்கு அளவில் சர்க்கரை இருக்கும். அது முழுவதும் ஆல்கஹாலாக மாறினாலும் கணக்குப்படி 8 விழுக்காட்டைச் சற்றே எட்டும். அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் தம் பங்கைத் தின்றுவிடுவதால் நடைமுறையில் 4 முதல் 6 விழுக்காட்டில் நின்றுவிடும். வடித்தலுக்கு அத்தகைய எல்லை இல்லை. அரசின் டாஸ்மாக் கடையில் விற்கும் பிராந்தி 42.8 விழுக்காடு. பேச்சுவழக்கில் குவார்ட்டர் எனப்படும் 180 மில்லிலிட்டர் புட்டி ஒன்றிலுள்ள ஆல்கஹாலைக் கள்ளின் வழியே வயிற்றுக்குள் சேர்க்க விரும்புபவர் ஒன்றரை லிட்டர் பனங்கள் குடித்தாக வேண்டும்.

பிணங்களைப் பற்றிய வாதம் இன்னும் நலிந்தது. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் நேர்ந்த சாவுகளுக்குக் காரணம் மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் என்பது வண்ணப்பூச்சு, பிசின், மருந்துப்பொருள் ஆகியவற்றைச் செய்யும் ஆலைகளுக்கு வேண்டிய கரைப்பான். அது எந்தப் பனையிலிருந்தும் இறங்குவதில்லை. உடலுக்குள் சென்றதும் கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அவ்வமிலமே கண் நரம்பைக் கருக்கி, இரத்தத்தைப் புளிக்கச்செய்து உயிரைப் பறிக்கிறது. பழத்தோல்களிலுள்ள பெக்டின் என்னும் பொருள் சிதையும்போது சிறிதளவு மெத்தனால் உண்டாவதுண்டு என்றாலும், பெக்டின் மிகக் குறைந்த பாளைச்சாற்றைப் புளிக்கவைத்து ஒருவர் மெத்தனால் நஞ்சுக்கு ஆளாக இயலாது. ஆலையிலிருந்து திருட்டுத்தனமாக வெளியேறிய பீப்பாய்தான் கொன்றது. பழி கலயத்தின் மேல் விழுந்தது. கள்ளக்குறிச்சிக்குப் பின் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க வழி செய்யப்பட்டது. நஞ்சு விற்பவனுக்கு அத்தண்டனை தகும்; ஆனால் பனையில் கள் இறக்குபவனையும் நஞ்சு விற்பவனையும் கள்ளச்சாராயம் என்ற ஒரே சொல்லால் குறிக்கும் பழக்கத்தை அத்திருத்தம் மாற்றவில்லை.

இச்சட்டத்தின் வரலாறும் பலரும் எண்ணுவதுபோல நேர்கோட்டில் வந்ததன்று. 1937 அக்டோபர் முதல் நாள் ராஜாஜியின் ஆட்சி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது இன்றைய குமரி மாவட்டம் சென்னை மாகாணத்திலேயே இல்லை; தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் முதல் நாள்தான் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து இங்கே சேர்ந்தன. பின்னர் 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டுச் சில ஆண்டுகளிலேயே திரும்ப இறுக்கப்பட்டது; 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மறுபடி திறந்தன. 1987 ஜனவரியில் இரண்டும் சேர்த்தே மூடப்பட்டன. அயல்நாட்டு வகை மதுவை மொத்தமாக விற்கும் அரசு நிறுவனமாக 1983இல் பிறந்த டாஸ்மாக் 2003இல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஆக, புளித்த பானம் வெளியேறிய வாசல் வழியாகவே வடித்த பானம் உள்ளே வந்து அமர்ந்தது. அவ்வடிமதுவும் பெரும்பாலும் பார்லியிலிருந்தோ திராட்சையிலிருந்தோ வந்ததன்று. சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸிலிருந்து எடுத்த சாராயத்துக்கு நிறமும் மணமும் ஏற்றிய பண்டம். இதற்கு விஸ்கி என்று பெயர் சூட்டி விற்கும் அரசு, கள்ளின் தூய்மையைப் பற்றிக் கவலைப்படுவது சற்று வேடிக்கையே.

குமரி மாவட்டத்தில் ஒரே மரத்தின் ஒரே பாளையிலிருந்து சட்டப்படியான பொருளும் சட்டவிரோதமான பொருளும் இறங்குகின்றன என்பதை வெளியூரார் பலர் அறியார். வேறிடங்களில் பதநீர் எனப்படும் இனிய சாற்றுக்கு இங்கே அக்கானி என்று பெயர். காலில் தளைநார் பூட்டி, முருக்குத்தடியைச் சார்த்தி, இடுப்பில் பாளை அரிவாளும் குடுவையும் தொங்க ஏறும் பனையேறி, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டுகிறார். சுண்ணாம்பு சாற்றைக் காரமாக்குவதால் ஈஸ்ட் பெருகுவதில்லை. விடியற்காலையில் இறக்கும்போது சாறு தேன்போல இனிக்கும். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் நடப்பது வேறு. முந்தைய நாள் சாற்றின் எச்சத்தில் ஒட்டியிருக்கும் ஈஸ்டுக்கும், காற்றிலும் பூச்சியின் காலிலும் வந்துசேரும் நுண்ணுயிர்களுக்கும் முதல் சொட்டு விழும்போதே விருந்து தொடங்கிவிடுகிறது. விடியும்போது மேலே வெண்ணுரை பொங்கி, சாறு பால்போல் கலங்கி, நாவில் இனிப்பும் புளிப்பும் ஒருங்கே தட்டும். உச்சிவேளைக்குள் இனிப்பு மறைந்துவிடும். மறுநாள் காடியாகி மனிதர் குடிக்கத் தகாததாகும். கலயத்தில் தடவிய சுண்ணாம்பு குறைந்துவிட்டாலோ வெயில் அன்றைக்குக் கடுத்துவிட்டாலோ அக்கானியே பாதி வழியில் புளித்துவிடுவதும் உண்டு. சுண்ணாம்பைக் கூட்டினால் வாங்குபவர் நாக்கு பொத்துப்போகும், குறைத்தால் காவலர் வருவார் என்னும் நெருக்கடியில் ஒரு தொழிலை நிறுத்திவைத்திருக்கும் சட்டத்தை அறிவியல் சார்ந்தது என்று சொல்வதற்கில்லை.

வீட்டில் புளிக்கவைத்தலை நாகரிகமற்ற பழக்கமாகக் கருதுவோர் ஸ்காட்லாந்தின் வரலாற்றைச் சற்றே நோக்கலாம். விஸ்கியால் உலகுக்கு அறிமுகமான அந்நாட்டின் பழைய வீட்டுப் பானம் விஸ்கியன்று, ஏல் எனப்படும் பீர்வகை. பார்லியை நீரில் ஊறவைத்து முளைவிடச் செய்து உலர்த்தினால் மால்ட் கிடைக்கும். முளைக்கும் தானியத்தில் உண்டாகும் நொதிகள் மாவைச் சர்க்கரையாக்கும் ஆற்றல் பெற்றவை. உடைத்த மால்டை 65 முதல் 70 பாகை வெந்நீரில் ஊறவைத்து, இறங்கும் இனிய நீரை வடிகட்டிக் கொதிக்கவைத்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் கசப்புப் பூக்களைச் சேர்த்து, ஆறியபின் ஈஸ்ட் இட்டுப் புளிக்கவைப்பர். வீ ஹெவி என்று அங்கே வழங்கும் வலுவான வகைக்கு அந்நீரில் ஐந்திலொரு பங்கும் அதற்கு மேலும் சர்க்கரை இருக்கவேண்டும். அதனால்தான் 7, 8 விழுக்காடு ஆல்கஹாலும், புளித்து முடிந்தபின் எஞ்சும் மால்டின் இனிப்பும் அதற்கு வாய்க்கின்றன. குளிர்ந்த நிலவறையில் வாரக்கணக்கில் மெதுவாகப் புளிப்பது அதன் இயல்பு. நாகர்கோவிலின் 30 பாகை வெக்கையில் அதே ஈஸ்ட் அவசரப்பட்டு வேலை செய்து, தலைவலி தரும் கன ஆல்கஹால்களை உண்டாக்கிப் பானத்தைக் கெடுத்துவிடும். குளிர்நாடு தானியத்தை முளைகட்டி, காய்ச்சி, காத்திருந்து பெற்றதை வெப்பநாட்டுப் பாளை ஓரிரவில் தானே தருகிறது என்பதல்லாமல், புளித்தல் என்னும் வினையில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

இந்த ஏல் மீது அரசு கைவைத்தபோது நேர்ந்தவை தமிழ்நாட்டுக்கு நேரடியாகப் பொருந்துகின்றன. 1725இல் மால்ட் மீதான வரியை லண்டன் நாடாளுமன்றம் ஸ்காட்லாந்திலும் விதித்தபோது கிளாஸ்கோ மக்கள் கலகம் செய்து, வரிக்கு ஆதரவளித்ததாகக் கருதப்பட்ட உறுப்பினரின் மாளிகையைச் சூறையாடினர். அந்நூற்றாண்டு முழுவதும் வரியும் கெடுபிடியும் ஏற ஏற, மலைப்பகுதிகளில் திருட்டு வடிசாலைகள் பெருகின. வரிக்காவலரைக் கண்டதும் வடிகலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது கிராமங்களின் அன்றாட நிகழ்ச்சியாயிற்று. 1823இல் இயற்றிய கலால் சட்டம் ஆண்டுக்கு 10 பவுண்டு கட்டணத்தில் உரிமம் கொடுத்து வரியையும் பெருமளவு குறைத்தபின் ஒரு தலைமுறைக்குள் திருட்டு வடிப்பு அருகிப்போனது. தண்டனையால் இயலாததை உரிமம் செய்து முடித்தது. வீட்டில் பீர் செய்ய உரிமம் வேண்டும் என 1880 முதல் நிலவிய விதியையும் பிரிட்டிஷ் அரசு 1963இல் நீக்கிற்று. அமெரிக்கா 1978இல் சட்டமியற்றி, வயதுவந்த இருவர் வாழும் வீடு ஆண்டுக்கு 200 கேலன், அதாவது ஏறத்தாழ 757 லிட்டர், பீர் தன் தேவைக்குச் செய்துகொள்ள இடமளித்தது. இவ்விரு நாடுகளிலும் உரிமமின்றி வீட்டில் வடிப்பது இன்றும் குற்றமே. புளித்தலுக்கும் வடித்தலுக்கும் நடுவே கோடு கிழிக்க அந்நாடுகளால் இயன்றிருக்கிறது. ஸ்காட்லாந்தின் எல்லைப்புற வட்டாரத்தில் டிராக்வேர் என்னும் பழம்பெரும் மாளிகையில், கைவிடப்பட்டுக் கிடந்த வீட்டு மதுக்கூடத்தை 1965இல் அதன் உரிமையாளர் பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டூவர்ட் மீட்டெடுத்து, பழைய ஓக் மரத் தொட்டிகளிலேயே 7.2 விழுக்காடு ஏலைப் புளிக்கவைத்து விற்கத் தொடங்கினார். இன்று அது அந்நாட்டின் பண்பாட்டுச் செல்வமாகப் போற்றப்படுகிறது. அதே காலத்தில் அகஸ்தீஸ்வரத்துத் தேரிமணலில் பனை ஏறியவர் சுண்ணாம்பு தடவ மறந்ததற்காக நீதிமன்றப் படி ஏறும் நிலையில் இருந்தார்.

தானியத்தை முளைகட்டி மது செய்வது ஐரோப்பியருக்கே உரிய கலை என்பதும் பிழை. பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, குத்தாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுள்ள தட்டில் உலர ஆற்றி, அதில் நல்லடை என்பதைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்துச் சாடியில் முதிரவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கும் பானத்தைச் செய்முறையோடு விவரிக்கிறது. அவ்வடையை முளைகட்டிய நெல்லாகவே பழைய உரை பொருள் கொள்கிறது. ஆறவைத்தபின் கலக்க வேண்டும் என்பது முக்கியமான நுட்பம். கொதிக்கும் களியில் முளையைச் சேர்த்தால் நொதிகள் வெந்து அழிந்துவிடும். அதே நூல் வீட்டில் சமைத்த தோப்பி என்னும் நெற்கள்ளையும் குறிப்பிடுகிறது. சங்க காலத்தார் குடித்தனர் என்பதால் இன்றும் குடிக்கலாம் என்ற வாதத்துக்காக இது இங்கே சொல்லப்படவில்லை. அந்த வாதம் போலியானது, அக்காலத்தார் செய்த வேறு பலவற்றை இன்று எவரும் செய்யத் துணியார். வீட்டில் புளிக்கவைத்தல் வரைமுறையற்ற தற்செயல் என்னும் எண்ணத்தை மறுக்கவே இச்சான்று உதவும்.

அடுத்த வாதம் கண்காணிப்பைப் பற்றியது. லட்சக்கணக்கான மரங்களில் இறக்கும் கள்ளை எந்த அரசாலும் சோதிக்க முடியாது என்கின்றனர். இதைச் சொல்பவர் தம் மாநிலத்தின் பழைய கலால் ஏடுகளைப் புரட்டவில்லை என்றே கொள்ளவேண்டும். சென்னை மாகாணத்தின் 1886ஆம் ஆண்டு அப்காரிச் சட்டத்தின் கீழ் மரவரி முறை நடைமுறைக்கு வந்தபோது, கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் குறியிட்டு, குறியிட்ட மரத்துக்கே வரி வாங்கினர். கணினியும் கைப்பேசியும் இல்லாத காலத்தில், மாட்டுவண்டியில் சென்ற அலுவலர்கள் இதைச் செய்துகாட்டினர். அதற்கும் ஆயிரமாண்டு முன்பே, 849இல் வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேடு, விலக்களிக்கப்பட்ட வரிகளுள் ஏணிக்காணத்தையும் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. மரமேறுபவரின் ஏணிவரை எண்ணி வைத்திருந்த அரசு மரபு அது. இன்று கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அப்பால், பேருந்தில் சில நிமிடத் தொலைவில், உரிமம் பெற்ற கள்ளுக்கடை சட்டப்படி இயங்குகிறது. கேரளத்தின் அப்காரி விதிகள் கள்ளிலுள்ள ஆல்கஹாலின் உச்சவரம்பை மரவகை பார்த்து வகுத்திருக்கின்றன. இவ்வரம்பை மீறினால் சாராயம் கலந்திருக்கிறது என்று ஆய்வகம் கண்டுபிடித்துவிடும். பாளைச்சாற்றின் சர்க்கரைக்கு மேல் கள்ளுக்கு வலு ஏற வழியில்லை என்ற இயற்கை விதியே அங்கே காவலராக நிற்கிறது. கள்ளுத் தொழிலாளர் நலநிதிக்காக 1969இலேயே தனிச்சட்டம் இயற்றிய மாநிலம் அது. யாழ்ப்பாணத்திலும் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் உறுப்பினரிடம் கள்ளைக் கொள்முதல் செய்து விற்பதோடு, சூடேற்றி நுண்ணுயிர்களை அடக்கிப் புட்டியிலும் அடைக்கின்றன. குமரிக்கு மேற்கேயும் கிழக்கேயும் இயன்றது நடுவில் மட்டும் இயலாது என்பதற்குக் காரணம் எதுவும் காட்டப்படவில்லை.

ஆயினும் எதிர்த்தரப்பின் வலுவான சான்றை மறைப்பது நேர்மையாகாது. 2010 செப்டம்பரில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் கள்ளுக்கடைகளில் விற்ற பானத்தில் மெத்தனால் கலந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2025 ஜூலையில் ஹைதராபாத்தின் கூகட்பள்ளியில் உறக்கமருந்து கலந்த கள்ளால் பலர் மாண்டனர். உரிமம் இருந்தும் இவை நிகழ்ந்தன. ஆனால் நிகழ்ந்த இடங்களை நோக்கினால் ஒரு பொதுத்தன்மை புலனாகிறது. இரண்டும் மரத்துக்கும் கடைக்கும் இடையே தொலைவு பெருகிவிட்ட இடங்கள். கேரளக் கடைகளின் தேவையில் பெரும்பகுதியைப் பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதித் தோப்புகளே நிறைவு செய்யவேண்டியிருக்கிறது. ஹைதராபாத்தின் மக்கள்தொகைக்கு ஈடாக அந்நகரைச் சுற்றி மரங்கள் இல்லை. ஓரிரவு கடந்தால் காடியாகும் பொருளை நூறு கிலோமீட்டர் கொண்டுசென்று விற்க முனையும்போது நீரும் மாவும் சாராயமும் மருந்தும் உள்ளே நுழைகின்றன. குறிமரத்திலிருந்து ஒரு நாளில் இறங்கக்கூடிய அளவுக்கு மேல் கடையில் விற்றால் அதுவே குற்றத்துக்குச் சான்று; ஒரு தாலுகாவில் இறக்கியதை அத்தாலுகாவில் மட்டுமே விற்கலாம் என்ற விதி ஒன்று போதும், கலப்படத்தின் லாபம் பெருமளவு வற்றிவிடும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் வேலையையே முழுத்தடை செய்கிறது.

பனையேறும் குடும்பத்தாரால் தரம் பேண இயலாது என்னும் மறைமுகமான இளக்காரமும் இவ்வாதத்துக்குள் பதுங்கியிருக்கிறது. அதற்குக் கருப்பட்டியே விடை. இறக்கிய அக்கானியை வடிகட்டி அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, பனையோலையும் மட்டையும் எரித்துக் காய்ச்சும்போது முதல் இரண்டு மூன்று மணிநேரம் நீர் மட்டுமே வெளியேறும். கொதிநிலை 100 பாகையை ஒட்டியே நிற்கும். நிறம் அதிகம் மாறாது. நீர் வற்றிப் பாகு இறுகத் தொடங்கியதும் சூடு விரைந்து ஏறி, சர்க்கரையும் புரதத்துணுக்குகளும் வினைபுரிந்து கருமையும் மணமும் கடைசிக் கால்மணி நேரத்தில் பிறக்கின்றன. நுரை பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு முத்தை இடித்துத் தூவுவார்கள். பதம் பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவார்கள். உருண்டால் உடனே இறக்கிக் கிண்டிச் சிரட்டைகளில் ஊற்ற வேண்டும், ஒரு நிமிடம் தாமதித்தாலும் கருகிக் கசந்துவிடும். ஸ்காட்லாந்து ஏலின் கருஞ்சர்க்கரை மணம் முழுவதும் நெடுநேரக் கொதியால் வருவது என்று வீட்டில் பீர் செய்வோருக்கான மேலைநாட்டுக் கைநூல்கள் சில நெடுங்காலமாகச் சொல்லி வந்தன. நீர் வற்றாமல் வெறும் கொதியால் அம்மணம் வராது என்பதைக் குமரியில் கருப்பட்டி காய்ச்சும் எந்தப் பெண்ணும் அவர்களுக்கு ஒரு காலைப்பொழுதில் காட்டியிருப்பார். காரநிலை, சூடு, பதம் ஆகிய மூன்றையும் கருவியின்றிக் கட்டுக்குள் வைக்கும் இத்திறமைக்கு முன், சாற்றைச் சுத்தமான கலயத்தில் பிடித்து அன்றே விற்பது எளிய வேலை.

சமூக மதிப்பு சார்ந்த மறுப்பு மட்டும் மற்றவற்றைப் போலன்றி ஆழமானது, மதிக்கத்தக்கது. திருவிதாங்கூர் ஆட்சியில் பனையேறிகள் மீது சுமத்தப்பட்ட வரிகளையும் கூலியற்ற ஊழியத்தையும் அய்யா வைகுண்டரின் அகிலத்திரட்டு அம்மானை வேதனையோடு பேசுகிறது. அம்மக்களின் வழித்தோன்றல்கள் கல்வியாலும் வணிகத்தாலும் மரத்திலிருந்து இறங்கியது தென்தமிழகத்தின் பெரும் சமூக மாற்றங்களுள் ஒன்று. கள்ளிலிருந்து விலகி நின்றதும் அவ்வெழுச்சியின் ஓர் அங்கம். கள்ளை மீட்டெடுப்பது ஒரு சாதியாரை மறுபடியும் மரத்தில் ஏற்றுவதாகும் என்னும் அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும் இன்றும் மரமேறுவோர் இருக்கத்தான் செய்கின்றனர். கோடைப் பருவத்தில் சில மாதங்கள் அக்கானி இறக்கி, மீதி மாதங்களில் கூலிவேலைக்குச் செல்லும் அவர்களுக்குத் தடை எந்த மதிப்பையும் கூட்டவில்லை, வருவாயைத்தான் குறைத்திருக்கிறது. தவறி விழுந்தால் முதுகெலும்பு முறியும் தொழிலுக்குக் காப்பீடும், ஏறும் கருவியும், நலநிதியும், தகுந்த விலையும் கொடுத்தால் விரும்பும் எவரும் அதற்கு வரலாம். ஈத்தாமொழித் தென்னந்தோப்பில் கருவி பூட்டிக் காய் பறிப்பவரிடம் எவரும் சாதி கேட்பதில்லை. 1978இல் பனையை மாநில மரமாக அறிவித்தும், 2021இல் பனை மேம்பாட்டு இயக்கம் தொடங்கியும், மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி பனையை வெட்டக்கூடாது என்று ஆணையிட்டும் அரசு மரத்தைக் காக்க முனைகிறது. ஆனால் மரத்தால் வருவாய் வராதபோது அது செங்கல் சூளைக்குச் செல்வதை ஆணையால் மட்டும் நிறுத்த முடியாது.

கள்ளின் ஆதரவாளர்கள் கூறும் ஒன்றையும் இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது. கள் மதுவன்று, உணவு, மருந்து, நோய் தீர்ப்பது என்ற முழக்கம் உண்மையன்று. கள்ளில் ஈஸ்ட் தரும் சில வைட்டமின்கள் உண்டு என்பது சரியே. ஆனால் 5 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட எதுவும் மதுவே, அளவு மீறினால் கல்லீரலையும் குடும்பத்தையும் அழிப்பதே. அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு போதைப்பொருள்களின் நுகர்வைத் தடுக்க அரசு முயலவேண்டும் என்று நெறிகாட்டுகிறது. அந்நெறியை முழுமையாக ஏற்று எல்லா மதுவையும் மூடுவோர் கள்ளையும் மூடினால் அதில் முரண் இல்லை. முரண்பாடு வேறிடத்தில் இருக்கிறது. 8 விழுக்காடு வரை வலுவுள்ள ஆலைப் பீரையும் 42.8 விழுக்காடு பிராந்தியையும் ஒரே கடையில் விற்று, 2023–24இல் மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் ஈட்டிய அரசு, அவ்விரண்டிலும் வலுக்குறைந்த பானத்தை மக்கள் நலனுக்காகவே தடுப்பதாகச் சொல்வதுதான் நம்பத்தகாதது. கள்ளை உணவென்று முழங்குவோர் இம்முரணைச் சுட்டிக்காட்டும் வாய்ப்பைத் தாமே கெடுத்துக்கொள்கின்றனர். மதுவென்று ஒப்புக்கொண்டால் மதுவுக்குரிய அளவுகோலால் ஒப்பிட்டுப் பார்க்கும்படி அரசைக் கேட்கலாம், உணவென்றால் அக்கேள்வியே எழாது.

வருவாய் குறையும் என்னும் அச்சம் வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை என்றாலும் மற்ற வாதங்களையெல்லாம் தாங்கி நிற்பது அதுவே என ஊகிக்க இடமுண்டு. மரத்தடியில் விற்கும் கள்ளுக்கு ஆலை வேண்டாம், புட்டி வேண்டாம், கிடங்கும் லாரியும் வேண்டாம்; ஆகவே வரி வாங்கும் இடங்களும் குறைவு. இந்தக் கணக்கு சரியென்றால் அதை வருவாய்க் கணக்காகவே சட்டமன்றத்தில் வைத்து விவாதிக்கலாம். கள்ளக்குறிச்சியில் மாண்டவர்களின் பெயரால் அகஸ்தீஸ்வரத்துப் பனையேறி மீது வழக்குப் போட வேண்டிய தேவை அப்போது இராது.